பரீதா ராத்தாவின் கிணற்றடியும் சந்திக் கமராவும்

1. படம் வந்தது

கமரா பூட்டி முடித்து முதல்முறையாகத் திரையில் படம் வரும்போது சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான். மன்னார்த் தீவில், தாராபுரத்துப் பக்கம் ஒரு சந்தியில் அந்தக் கைதட்டல் பாதியில் நின்றுபோனது.

ஹாஜியாரின் பலசரக்குக் கடைக்குள் ஏழெட்டு ஆண்கள் மொனிட்டரைச் சூழ்ந்து நின்றார்கள். சந்தி தெரிந்தது. சந்தியை அடுத்து ரோட்டு வளையும் முடக்கு தெரிந்தது. முடக்கில் ஓர் ஓட்டோ திரும்பியது. "அட, நம்ம நியாஸ்ட ஓட்டோ" என்று ஒருவர் சிரித்தார். திரையின் இடது ஓரத்தில் தென்னோலை பின்னிய ஒரு கிடுகு வேலியும், வேலிக்கு அப்பால் ஒரு கிணறும் தெரிந்தன. வெள்ளை உடுத்த ஒரு பெண் வாளியோடு கிணற்றடிக்கு வந்தார்.

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஹாஜியார் ப்ளக்கையே பிடுங்கிவிட்டார்.

அந்தப் பெண் பரீதா ராத்தா. ராத்தா என்றால் அந்த ஊர் முஸ்லிம்களின் பேச்சில் அக்கா. ஓட்டோ நியாஸின் கூடப்பிறந்தவர். அப்போது அவர் இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த முஸ்லிம் பெண் சில மாதங்கள் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டோடு இருப்பதை இத்தா என்பார்கள். அவருடைய கணவரை அந்த முடக்கில்தான் மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று அடித்துவிட்டு நிற்காமல் போனது. நம்பரை ஒருவரும் பார்க்கவில்லை. இன்னொருவருக்கு இப்படி நடக்கக்கூடாது என்றுதான் ஊரவர்கள் கமரா கேட்டு என்னிடம் வந்தார்கள். கடைசியில் அந்தக் கமராவில் முதல் நாளே அகப்பட்டது பரீதா ராத்தாதான்.

2. உயரம்

நான் கமராத் தொழில் படித்தது தமிழ்நாட்டில், போர்க்காலத்தில் நாங்கள் இருந்த அகதி முகாமுக்குப் பக்கத்து ஊரில். திரும்பி வந்து மன்னார் டவுனில் சின்னக் கடை போட்டேன். ஏணியில் ஏறும் பெண்ணைப் பார்க்கவே அப்போது ஆட்கள் கூடுவார்கள். தாராபுரத்துக்காரர்களும் புத்தளத்துக்கு இடம்பெயர்ந்து இருந்துவிட்டுத் திரும்பியவர்கள்தான். வீட்டுத்திட்டத்தில் வீடு வந்தது, வழவழப்பான காபட் ரோட்டு வந்தது, ரோட்டோடு வேகமும் வந்தது.

கமராவை எங்கே பூட்டுவது என்று பேச்சு வந்தபோது ஹாஜியார் ஒரே பிடியாக நின்றார்.

"நல்லா மேல வைங்க தங்கச்சி. கைக்கு எட்டினா உடைச்சிருவானுகள்."

"மேல வைச்சா கன இடம் தெரியும் ஹாஜியார். வீடு வாசலும் தெரியும்."

"தெரியட்டுமே. தப்புச் செய்யாதவனுக்குக் கமராவால என்ன பயம்?"

நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் சந்திக் கம்பத்து உச்சியில் பூட்டினேன். எங்கள் பக்கத்தில் வேலி கட்டும்போது ரோட்டில் நடப்பவன், சைக்கிளில் போகிறவன் இவர்களுடைய கண் எட்டாத உயரம் பார்த்துத்தான் கட்டுவார்கள். கம்பத்து உச்சியில் ஒரு கண் வரும் என்று எந்த வேலியும் கணக்குப் பார்க்கவில்லை.

3. குரல் கொடுக்காமல் ஏறியது

"நீங்க போய்க் கதைங்க தங்கச்சி. எங்களுக்குப் போகவும் ஏலாது, சொல்லவும் வெக்கம்" என்று ஹாஜியார் என்னை அனுப்பினார். பெண்ணாக இருந்ததால் எனக்கு அந்த வீட்டுக்குள் தடையில்லை.

பரீதா ராத்தா பால் விடாத பிளேன்டீ தந்து கதிரையில் இருக்கச் சொன்னார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"முகம் தெரிஞ்சதா?"

"இல்லை ராத்தா. வெள்ளை உடுப்பு மட்டும்தான்."

"இந்தத் தெருவில இப்ப வெள்ளை உடுத்துறது நான் ஒராள்தானே."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. கமராவை மறுபக்கம் திருப்பிவிடுகிறேன் என்றேன்.

"திருப்பினா முடக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப திருப்ப வேணாம். எனக்கு அதைக் காட்டுங்க."

லெப்டொப்பில் கொண்டுபோயிருந்த படத்தைப் போட்டுக் காட்டினேன். அவர் திரைக்குக் கிட்டக் குனிந்தார். முடக்கையும் தன் குசினிக் கூரையையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இவ்வளவு கிட்டவா?" என்றார். "அண்டைக்கு நான் குசினியிலதான் நிண்டன். சத்தம் கேட்டிச்சு. டயர் வெடிச்சதாக்கும் எண்டு நினைச்சு வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டன்."

எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை. படத்தை இன்னொருமுறை போடச் சொன்னார். அதன்பிறகு கேள்வி கேட்கத் தொடங்கினார். என் தொழிலில் அப்படிக் கேட்டவரை அதற்கு முன் நான் சந்திக்கவில்லை.

கிணற்றுப் பக்கத்தை மட்டும் திரையில் கறுப்புப் பெட்டி போட்டு மறைக்கலாம் என்று விளக்கினேன். டி.வி.ஆர் என்ற பதிவுப் பெட்டியிலேயே அந்த வசதி உண்டு.

"அந்தக் கறுப்பைப் போட்டா எடுக்கவும் ஏலுமா?"

"பாஸ்வேட் தெரிஞ்சா ஏலும்."

"பாஸ்வேட் ஆரிட்ட?"

"ஹாஜியாரிட்ட."

"ஹாஜியார் நல்லவர். அவருக்குப் பிறகு அந்தக் கதிரையில ஆர் இருப்பாங்க?"

அவர் எழுந்து ஜன்னல் சீலையை ஒதுக்கி, பக்கத்து வீட்டு வளவுத் தென்னையைக் காட்டினார்.

"தேங்காய் பறிக்க வாறவன் மரத்தில ஏறமுந்தி என்ன செய்வான்?"

"குரல் குடுப்பான்."

அது எங்கள் ஊர்களில் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான வழக்கம். மேலே ஏறினால் நாலு வளவுக் கிணற்றடியும் தெரியும். ஆகவே ஏறுமுன் உரக்கக் குரல் கொடுப்பான், குளிக்கிற பெண்கள் உள்ளே போவார்கள், அதன்பிறகுதான் அவன் ஏறுவான்.

"உங்கட கமரா ஏறிக் குந்தின குந்துதான். குரலும் குடுக்கேல்ல, இறங்கவும் இல்ல" என்றார். "சென்றிக் காவலில ஆமிக்காரன் நிண்டு பாத்த காலத்தில, அவன் பாக்கிறான் எண்டு எங்களுக்குத் தெரியும். அவன்ட முகத்தை நாங்களும் பாத்தம். இதில பாக்கிறது ஆர் எண்டே தெரியாதே."

பிறகுதான் தன் முடிவைச் சொன்னார். "இத்தா முடியும்வரைக்கும் நான் இந்த வீட்டை விட்டு அசையமாட்டன். ஹாஜியார் தொழுகைக்குக் கடை பூட்டுவார், டவுனுக்குப் போவார். அந்தப் பெட்டியையும் மொனிட்டரையும் இங்க வைங்க. முடக்கை நான் பாத்துக்கொள்றன்."

4. ஏணிக்கடியில் வந்தவர்கள்

இதை நியாஸ் போய்ச் சொன்னபோது ஊரவர்களால் மறுக்க முடியவில்லை. கணவனைப் பறிகொடுத்தவர் கேட்கிறார். ஒரேயொருவர் மட்டும், "இத்தாவில இருக்கிற பொம்பிளை அந்நிய ஆம்பிளைகளைப் பாக்கலாமா?" என்று இழுத்தார். நியாஸ் ராத்தாவின் பதிலையும் கையோடு கொண்டுவந்திருந்தான். "அவ கிணத்தடிக்குப் போனா நீங்க பாக்கலாம், நீங்க ரோட்டால போனா அவ பாக்கக்கூடாதோ எண்டு கேக்கச் சொன்னா."

மறுநாள் கமராவைச் சாக்கால் மூடிக்கட்டிவிட்டு, கடையிலிருந்து ராத்தாவின் வீட்டுக்கு வயர் இழுக்க ஏணியில் ஏறினேன். அதன்பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும்.

முதலில் ஒருவர் ஏணிக்கடியில் வந்து நின்றார். "தங்கச்சி, கடைக்குப் பின்பக்கம் தெரியுமா? நான் எப்பவாவது ஒரு சிகரெட்... வீட்டில விட்டுட்டன் எண்டு சொல்லியிருக்கு." அவர் போக இன்னொருவர் வந்தார். வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் பாதிநாள் சந்தியில் போட்ட மர வாங்கிலில் குந்தியிருக்கிறவராம். மூன்றாமவர் காரணம் சொல்லவில்லை. "எதுக்கும் அந்த வாங்கில் தெரியாமச் செய்யுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். தப்பு என்று சொல்ல ஒருவரிடமும் ஒன்றும் இல்லை. ஆனாலும் எல்லோரிடமும் வேலிக்குப் பின்னால் வைக்க ஏதோ ஒன்று இருந்தது.

கடைசியாக ஹாஜியார் வந்தார்.

"தங்கச்சி, கீழ இறங்குங்க. எனக்குச் சீனி வருத்தம் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

"ஓம்."

"பின்னேரத்தில எதிர்த் தேத்தண்ணிக் கடையில சீனி போட்டு ஒரு தேத்தண்ணி குடிப்பன். பரீதா நம்மட வீட்டுக்காரிக்கு நல்ல கூட்டாளி."

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு முகம் மாறிவிட்டது. ஏணியின் கீழ்ப்படியில் அப்படியே குந்திக்கொண்டார்.

"ஒரு தேத்தண்ணிக்கே எனக்கு இப்பிடி இருக்கு. அந்தப் புள்ளைக்குக் கிணத்தடி" என்றார். "என்ன செய்யலாம், சொல்லுங்க."

"கமராவைக் கீழ இறக்குவம் ஹாஜியார். வேலியை விடத் தணிய, உங்கட கடைச் சுவரில. ரோட்டில நிக்கிற மனுசனுக்கு என்ன தெரியுமோ அது மட்டும்தான் அதுக்கும் தெரியும். உடைக்காம இருக்க இரும்புக் கூடு போடுறன்."

அன்றைக்கே இறக்கினோம். மேலேயிருந்து பார்த்தபோது லொறிகளின் கூரைதான் பெரிதாகத் தெரிந்தது. கீழே வந்ததும் நம்பர் பிளேட் நேராக விழுந்தது. இதைப் பார்த்ததும் எனக்கே ஆச்சரியம். அதன்பிறகு சந்திகளில் நான் கம்பத்து உச்சியைத் தேடியதில்லை.

பதிவுப் பெட்டி ஹாஜியாரின் அலுமாரிக்குள் போனது. மொனிட்டரைக் கழற்றிவிட்டோம், சும்மா பார்க்க ஒன்றும் வேண்டாமென்று. பாஸ்வேட்டில் முன்பாதியை ஹாஜியார் போட்டார். நான் பெட்டியை ராத்தாவின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க, பின்பாதியை அவரே போட்டு மனதில் வைத்துக்கொண்டார். இருவரும் வராமல் படம் திறக்காது.

5. ஒருமுறை திறந்தோம்

ராத்தாவின் இத்தா முடிந்து சிலகாலம் கழித்து, அதே முடக்கில் ஒரு வான் மீன் வியாபாரி ஒருவரைத் தட்டிவிட்டு ஓடியது. அவருக்குக் கால் முறிந்தது. என்னைக் கூப்பிட்டார்கள், மொனிட்டரைத் திரும்பப் பூட்டினேன். ஹாஜியார் தன் பாதியை அடித்துவிட்டு எழுந்து கதிரையை விட்டார். ராத்தா வந்து இருந்து தன் பாதியை அடித்தார். வான் வந்தது, நம்பர் துலக்கமாகத் தெரிந்தது. நியாஸ் அதை எழுதிக்கொண்டு பொலிசுக்கு ஓடினான்.

ராத்தா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இந்த மனுசனுக்காவது ஒரு நம்பர் கிடைச்சிது" என்றார். அன்றைக்குத்தான் அவர் அழுததைப் பார்த்தேன். அவர் கணவரை அடித்த டிப்பர் இன்றுவரை அகப்படவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள், ரோட்டுக்குக் கமரா வைப்பது சரியா பிழையா என்று என்னிடம் கேட்கிறார்கள். எனக்கு முழுப் பதில் தெரியாது. கமரா கேட்டு வருகிறவரிடம் நான் ஒரு கேள்வி கேட்பேன். "மொனிட்டரை உங்கட எதிர்வீட்டில வைச்சாச் சம்மதமோ?" சிலர் சிரிப்பார்கள். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுவார்கள். கொஞ்சம் யோசித்து, "அப்ப அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் தணியப் பிடியுங்கோ" என்று சொல்பவருக்குத்தான் நான் ஏணியை எடுப்பேன்.