விளித்தால் வருகிறவள்

நேற்று மடிக்கணினியில் ஒரு புதிய மென்பொருளை இறக்கினேன். கறுப்புத் திரையில் அதன் பெயரை அடித்தால், அப்படி ஒன்றே இல்லை என்றது. இருக்கிறது ஐயா, உன் வயிற்றுக்குள்தான் இருக்கிறது. கணினிக்குள் எந்தெந்த அறைகளில், அதாவது கோப்புறைகளில், தேட வேண்டும் என்ற பட்டியலில் அந்த அறையின் முகவரி இல்லை, அவ்வளவுதான். அந்தப் பட்டியலைப் ‘பாத்’ என்பார்கள். ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. ஆனால் சேர்க்கப் போன கை நின்றுவிட்டது. ஸ்டெல்லா நினைவுக்கு வந்துவிட்டாள்.

தொண்ணூறுகளில் கேரள எல்லையோரம் பாறசாலையில் ஒரு டீக்கடை மாடியில் எங்கள் இருவருக்கும் வேலை. கல்யாணக் கார்டும் நோட்டீசும் அடித்துக் கொடுப்போம். கீழே மரச்சீனிக் கிழங்கு வேகும் மணத்தோடு பிரிண்டர் ரிப்பன் வாடையும் கலந்திருக்கும். இன்றைக்கும் மரச்சீனி தின்றால் எனக்கு மை வாடை அடிக்கிறது, வீட்டில் சிரிக்கிறார்கள். பக்கத்துக் காரோடு ஊர்க்காரி ஸ்டெல்லா கெட்டிக்காரி. நானோ கணினியில் எந்த அறைக்குள் நிற்கிறேன் என்றே தெரியாமல் முழிக்கிறவன். என் பாட்டைப் பார்த்து, கார்டு அடிக்க ஒரு சின்ன நிரல் எழுதி, அதற்கு ‘வா’ என்று பெயரிட்டு, அது கிடந்த அறையின் முகவரியைப் பாத்தில் சேர்த்தாள்.

“இனி எங்க நிண்ணு விளிச்சாலும் வருவேன் ஆக்கும்” என்றாள்.

‘வா’ என்று அடித்தால் முதலில் ஆங்கில எழுத்தில் ‘வந்தேன், என்ன வேணும்?’ என்று திரையில் வரும். அவள் குறும்பு அது.

அந்த வருஷ மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை அவளைக் கொண்டுபோயிற்று. நாற்பத்தொன்றாம் நாள் ஜெபத்துக்கு நோட்டீஸ் அடிக்க அவள் அப்பா வந்தார். மரச்சீனி பயிரிடுகிறவர். பழக்க தோஷத்தில் ‘வா’ என்று அடித்துத் தொலைத்தேன். திரையில் வந்ததை அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். யார் எழுதியது என்று கேட்டார். சொன்னேன்.

“ஒருக்கக் கூடி விளி, மக்கா.” இன்னொரு முறை அடித்தேன்.

பிறகு சந்தை நாள்தோறும் மாடியேறி வந்தார். நான் அடிப்பேன், அது வரும், பார்த்துவிட்டு எழுந்து போவார். ஆரம்பத்தில் எனக்கு அழுகை வந்தது. போகப் போகப் பயம் வந்தது. ஒரு மத்தியானம் கரண்ட் போய்த் திரும்பி வந்தது. நான் எதையும் தொடவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை. திரையில் ‘வந்தேன், என்ன வேணும்?’ என்று கிடந்தது. இன்றுவரை அதற்கு எனக்குக் காரணம் தெரியாது. பாத்தில் இருந்த அவளுடைய வரியை அழித்தேன்.

அடுத்த சந்தை நாளில் அவர் முன்னால் ‘வா’ என்று அடித்தேன். அப்படி ஒன்றே இல்லை என்றது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போயிட்டாளா?”

“போயிட்டா, மாமா.”

அவர் அப்புறம் வரவே இல்லை. டீக்கடையும் மாடியும் போய் அங்கே இப்போது செல்போன் கடை. அந்தக் கணினி எந்த இரும்புக் கடைக்குப் போனதோ. அன்று அவள் எங்கும் போயிருக்கவில்லை. அந்த அறையில் அப்படியே இருந்தாள். வரும் வழியைத்தான் நான் அழித்திருந்தேன். அந்த ஒரு வரியைத் திரும்ப எழுதியிருந்தால் போதும். அவர் மெதுவாகத்தான் படியிறங்கினார். எனக்கு நேரம் இருந்தது.