கட்டைவிரல் படம்

இதை நான் தமிழில் எழுதுவதற்குக் காரணம், என் தம்பி மனைவிக்கு வேறு மொழி படிக்கத் தெரியாது. எனக்கோ ஐம்பத்திரண்டு வயதுவரை தமிழ் படிக்கத் தெரியாது. மைசூரில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, கன்னடப் பள்ளியில் படித்து, முப்பது வருஷமாகக் கன்னடத்திலேயே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். வீட்டில் தமிழ்தான், வாய் ஓயாமல் பேசுவேன். எழுத்து என்று வந்தால் மட்டும், தமிழ்நாட்டுப் பஸ்ஸில் ஊர்ப் பெயரைப் பக்கத்தில் நிற்பவரிடம்தான் கேட்பேன்.

தம்பி வேலைக்காகக் கடலூர்ப் பக்கம் போனவன். அங்கேயே கல்யாணமாகி, தமிழ்ப் பேப்பரை வரி விடாமல் படிக்கிறவனாகிவிட்டான். போன் பண்ணினால் என்னைச் சீண்டாமல் வைக்கமாட்டான். "ஏன்க்கா, தமிழச்சின்னு அவ்ளோ பீத்திக்கிறியே, உன் பேரைத் தமிழ்ல எழுது பாப்போம்!" எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அந்த வீம்பில் எங்கள் பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை நடந்த தமிழ் வகுப்பில் சேர்ந்தேன். மூன்று வாரம் போனேன், முழங்கால் வலி என்று நின்றுவிட்டேன். அவனிடம் மட்டும், "போடா, நான் இப்போ கதைப் புஸ்தகமே படிக்கிறேன்" என்று அளந்துவிட்டேன்.

பாவி, நம்பிவிட்டான். அன்றிலிருந்து வாட்ஸ்அப்பில் தமிழிலேயே எழுத ஆரம்பித்தான். பக்கத்து வீட்டில் ஒரு கொள்ளேகால்காரர், தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், எனக்குப் படித்துச் சொல்வார். அவர் இல்லாதபோது பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிடுவேன். ஜோக்கும் பண்டிகை வாழ்த்தும்தானே, அதனால் என்ன குடிமுழுகிப்போய்விடும் என்று நினைத்தேன்.

கடலூர்ப் பக்கம் புயல் கரையைக் கடந்த மறுநாளும் அங்கே மழை விடவில்லை. சாயங்காலம் தம்பி பேசினான். "தெருவுல கணுக்கால் தண்ணிதான்க்கா, நீ அங்க உக்காந்துட்டு அழாத" என்றான். எங்கள் தெருவோ அதற்குள் உதவிக்குக் கிளம்பிவிட்டது. காவிரிப் பேச்சை எடுத்தால் எங்களிடம் முகத்தைத் திருப்பிக்கொள்கிற எதிர்வீட்டு அம்மா, புதுக் கம்பளிகளாகப் பார்த்துக் கட்டிக் கொண்டுவந்து, "தகொள்ளி டீச்சர், பாப, மக்களு இர்த்தாரெ" என்று என் கையில் திணித்தார். குழந்தைகள் இருப்பார்களே என்று அவருக்குக் கவலை. நாலு வீட்டுப் பெண்கள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து சப்பாத்தி இட்டார்கள். மறுநாள் மதியம் லாரி புறப்பட வேண்டும். எது போகிறது, யார் கொடுத்தது என்று எழுதுகிற வேலை எனக்கு. கன்னடத்தில்தான் எழுதினேன்.

மறுநாள் காலையில் தம்பிக்குப் போன் அடித்தேன், போகவில்லை. டவர் விழுந்திருக்கும் என்றார்கள். பத்து மணிக்கு அவனிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. திறந்தேன். நீளமாகத் தமிழ். முதல் நாள் முழுக்க என் போனில் அப்படித்தான் நீள நீளமாகப் புயல் செய்திகள் வந்து குவிந்திருந்தன, இதுவும் அதில் ஒன்று என்று நினைத்தேன். மெசேஜ் அனுப்புகிறான் என்றால் நன்றாகத்தானே இருக்கிறான் என்று மனசு குளிர்ந்துகூடப் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் பத்தடி தூரத்தில் லாரி மேல் நின்று மூட்டைகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார். கூப்பிட்டிருக்கலாம். சப்பாத்திப் பொட்டலம் கட்டி என் கையெல்லாம் மாவு. ஒரு விரலைப் புடவையில் துடைத்து, கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டு, அடுத்த மூட்டையை எழுதப் போனேன்.

மூன்று மணிக்கு லாரி போன பிறகுதான் அவர் கையில் போனைக் கொடுத்தேன். படித்தவர் முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ டீச்சர், இது ஃபார்வர்டு இல்லீங்க" என்றார். உரக்கப் படித்தார்.

"அக்கா, ஏரி உடைஞ்சிடுச்சு. தண்ணி ஜன்னலுக்கு வந்துடுச்சு. இங்கேர்ந்து போன் போகல. கன்ட்ரோல் ரூமுக்கு நீ போன் பண்ணிப் படகு அனுப்பச் சொல்லு. பிள்ளையார் கோயில் பின்னாடி சந்து, மூணாவது வீடு."

ஆளாளுக்கு ஒரு நம்பரை அடித்தோம். எதிர்வீட்டு அம்மாவின் மகன்தான் கடைசியில் லைன் பிடித்தான். இருட்டுவதற்குள் படகு போய்ச் சேர்ந்தது. மாடியில் தம்பி மனைவி மட்டும்தான் இருந்தாள். அவனை மறுநாள் இரண்டு தெரு தள்ளிக் கண்டுபிடித்தார்கள்.

காரியம் முடிந்த அன்று அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"மாடிக்கு வாங்க வாங்கன்னு கத்தினேன் அண்ணி, கேக்கல. போனைக் காட்டி, 'அக்கா பாத்துட்டா, பதிலும் போட்டுட்டா, படகு இப்ப வந்துடும். நம்ம சந்து உள்ள இருக்கு, வர்றவங்களுக்குத் தெரியாது, நான் கேட்டாண்ட நின்னு கை காட்டறேன்'னு போனாரு. கழுத்தளவு தண்ணில கேட்டைப் புடிச்சுக்கிட்டு மத்தியானம் வரைக்கும் நின்னாரு. அப்புறம் காம்பவுண்டுச் சுவரே சாஞ்சிடுச்சு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க அப்பவே சொல்லியும் பாருங்க, அந்தப் படகுக்காரங்க சாயங்காலம்தான் வந்தாங்க. அவங்க நல்லா இருப்பாங்களா அண்ணி?"

"ஆமாம்மா, அவங்க லேட்டாத்தான் வந்தாங்க" என்றேன்.