பம்பாய்க்குப் போகாத முகவரி

எண்பதுகளின் நடுவில் நானும் என் கணவரும் சேர்ந்து ஓர் இயந்திரம் செய்தோம். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலைக்காக, பதப்படுத்திய ஆட்டுத்தோலின் பரப்பளவை அளந்து சீட்டில் அச்சடித்துத் தரும் இயந்திரம். பட்டறை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டது வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு முன்னறையைத்தான்.

அதன் மூளை ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சில்லு. அதற்கான நிரலை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். தோல் உருளைகளுக்கிடையே நகரும்போது ஒளியுணரும் செல்களைப் படித்து, எண்களை நினைவகத்தில் வரிசையாக அடுக்குவது என் பகுதி. அவற்றைக் கூட்டி அச்சடிப்பது அவர் பகுதி. மொத்த வரிசையையும் தூக்கிக் கொடுக்க அந்தக் குட்டிச் சில்லில் இடமேது? வரிசை எங்கே தொடங்குகிறது என்ற முகவரியை மட்டும் கொடுப்பேன். அவர் பகுதி அங்கே போய்ப் படித்துக்கொள்ளும். வீட்டில் அட்டைகளை விட்டுப் பார்த்தோம், அளவு கச்சிதமாக வந்தது. ஆம்பூரில் மானம் போனது.

அதே நேரத்தில் பம்பாயில் ஒரு கம்பெனி அவரை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. இயந்திரத்தை முதலாளி எடுத்துக்கொள்ளாவிட்டால் திங்கட்கிழமை ரயிலேறுவதாகப் பேச்சு. எனக்கோ வேலூரில் பாலிடெக்னிக் ஆசிரியை வேலை. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர் அங்கே, நான் இங்கே என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை முதலாளி எங்களைக் கூப்பிட்டனுப்பினார். ஆம்பூரில் எல்லோருக்கும் அவர் பாய்.

“பேஜாரா கீதும்மா. ஒண்ணு ஜாஸ்தி காட்டுது, அடுத்தது கம்மி. நாளைக்கு ஜும்மா, ஷாப்பு லீவு. சனிக்கெழம காலைல பாக்கறேன். சரி வரலைன்னா எடுத்துட்டுப் போய்டுங்க.”

என் கணவர் ஸ்க்ரூ டிரைவரோடு இயந்திரத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். எதற்கும் முதலில் ஒயரைச் சந்தேகப்படுவது அவர் வழக்கம். நான் தோல் விடுபவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தோலின் வால் உள்ளே போய் மறையும் முன்பே அடுத்ததன் கழுத்தை விட்டார்கள். கைக்கு ஓய்வே இல்லை. அச்சுப்பொறி முதல் தோலின் சீட்டையே இன்னும் தடதடவென்று அடித்துக்கொண்டிருக்க, இரண்டாவது தாண்டி மூன்றாவது தோல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. வீட்டில் நாங்கள் ஒவ்வொரு அட்டையையும் விட்டு, சீட்டு வந்த பிறகே அடுத்ததை எடுத்தோம். எங்களுக்கு என்ன அவசரம்?

எனக்குச் சட்டென்று விளங்கியது. அச்சு முடிந்த பிறகுதான் அவர் பகுதி இரண்டாவது தோலைக் கூட்டக் கிளம்பும். அதற்குள் என் பகுதி அதே முகவரியில் மூன்றாவது தோலின் எண்களைக் கொட்டத் தொடங்கியிருக்கும்.

“ஏங்க, வெளிய வாங்க. நான் குடுத்ததும் நீங்க காப்பி எடுத்து வெச்சிக்கலையா?”

“நீ அட்ரஸ்தானே குடுத்த? நான் படிக்கற வரைக்கும் தொட மாட்டேன்னு நெனச்சேன்.”

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். ஹாட் பாக்ஸில் இட்லி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவேன். இந்த மனிதர் பேப்பரைக் கடைசி வரி வரை படித்துவிட்டு எழுந்திருப்பார். அதற்குள் நான் அதில் மதியச் சோற்றை வைத்திருப்பேன். இட்லி எங்கே என்று கத்துவார்.

வெள்ளிக்கிழமை முழுக்கச் சமையலறைப் பக்கமே போகவில்லை. நினைவகத்தில் இரண்டு வரிசைகளுக்கு இடம் ஒதுக்கினோம். ஒன்றை நிரப்பி முகவரியைக் கொடுத்ததும் என் பகுதி மற்றதற்குப் போய்விடும். படித்து முடித்தேன் என்று அவர் பகுதி சொல்லும் வரை பழையதைத் தொடாது. இரண்டுமே நிரம்பிவிட்டால் உருளை நின்று காத்திருக்கும். பக்கத்துத் தெரு ஓட்டலில் பரோட்டா வாங்கி வந்தார். பம்பாயைப் பற்றி இருவரும் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை வழக்கம்போலத் தோல்கள் இடைவெளியின்றிப் போயின. பாய் ஒவ்வொரு தோலின் மேலும் கட்டம் போட்ட சட்டத்தை வைத்துக் கையால் அளந்து, சீட்டோடு ஒப்பிட்டார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

“சரியாத்தான் கீது. பேரணாம்பட்டுல என் மச்சான் ஷாப்புக்கும் ஒண்ணு செஞ்சி குடுத்துடுங்க.”

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பள்ளிகொண்டா தாண்டியதும் நானாகவே கேட்டேன்.

“பம்பாய்க்கு இன்னா சொல்லப் போறீங்க?”

“வரலைன்னு போன வாரமே சொல்லிட்டேன். மிஷின் ஓடினாலும் ஓடாட்டியும் உன்ன விட்டுட்டுப் போறதா இல்ல.”

“இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் நிம்மதியா தூங்கியிருப்பேன் இல்ல?”

“உனக்கே தெரியும்னு நெனச்சேன்.”

பஸ் என்றும் பாராமல் அவர் தொடையில் நன்றாகக் கிள்ளினேன். பிறகு அழுதுவிட்டேன். விரிஞ்சிபுரத்தில் ஏறிய அம்மாள் ஒருத்தி, யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டாள். இல்லை, எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்றேன்.