கடைக்குள் கொஞ்சம் இருட்டு

மும்பையில் டார்ச் வாங்குவது லேசான காரியமில்லை. இங்கே எல்லாம் கிடைக்கும், இருட்டு மட்டும் கிடைக்காது. செம்பூரில் எங்கள் வீட்டு விளக்கையெல்லாம் அணைத்தாலும், எதிர்க் கட்டடத்து வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து படுக்கையில் பாதியைப் பிடித்துக்கொள்ளும்.

ஆசை என்னுடையது. மழை ஓய்ந்ததும் என் ஆபீஸ்காரர்கள் ஏதாவது ஒரு மலைக்கோட்டைக்குப் போவார்கள். விடிவதற்கு முன்பே ஏறி, உச்சியில் நின்று சூரிய உதயம் பார்ப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் நான் போகலாம் என்பேன், என் கணவர் முழங்கால் வலி என்பார். ரயிலைப் பிடிக்க ஓடும்போது மட்டும் அந்த வலி எங்கே போகுமோ தெரியாது. இந்த வருஷம் என்ன நினைத்தாரோ, "சரிட்டி, போவோம்" என்றார். மனசு மாறுவதற்குள் அவரைத் தாராவிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவர் பிறந்து வளர்ந்த இடம் அது. அங்கே திருநெல்வேலிக்கார அண்ணாச்சி ஒருவர் எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிறார்.

அண்ணாச்சி இரண்டு டார்ச்சை எடுத்து வைத்தார். இரண்டும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒன்று ஒல்லி, பென்சில் செல் போடுவது. "இது தூரமா அடிக்கும்." மற்றது குண்டு, போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏற்றலாம். "இது அவ்வளவு தூரம் போவாது. ஆனா நல்லா, ஏக்தம் அகலமா விழும்." ட்யூப்லைட் வெளிச்சத்தில் இரண்டையும் எரித்துப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மலை என்றால் தூரம்தானே என்று ஒல்லியானதை எடுத்துக்கொண்டேன்.

"இருங்கக்கா, இப்பிடிப் பாத்தா என்ன தெரியும்?" என்று அண்ணாச்சி விளக்கை அணைத்துவிட்டு ஷட்டரைக் கடகடவென்று இறக்கினார்.

கண் பழகியதும், ஷட்டரின் அடியில் கசிந்த வெளிச்சத்தில் எனக்கு எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. என் கணவர் ஒரு கையை நீட்டித் துழாவிக்கொண்டிருந்தார். நான் நின்ற பக்கம் இல்லை, மறுபக்கம். கை பட்டு செல் டப்பா ஒன்று சரிந்து கொட்டியது.

"எங்கட்டி இருக்க?" என்றார். நான் அவரை ஒட்டித்தான் நின்றிருந்தேன்.

சினிமாவுக்குப் போனால் விளக்கணைக்கும் முன்பே உள்ளே போய் உட்கார வேண்டும் என்று அடம்பிடிப்பது, எப்போதாவது கரண்ட் போனால் இருந்த இடத்தைவிட்டு எழாமலே என்னைக் கூப்பிடுவது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது.

"வேண்டாம் அண்ணாச்சி, இன்னொரு நாள் வாரோம்" என்றேன். மலையாவது சூரியனாவது. இந்த மனிதரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விடவா?

அண்ணாச்சி ஷட்டரைத் தூக்கினார். இவர் குனிந்து செல்களையெல்லாம் பொறுக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார். "எது வேண்டாம்?"

"இருட்டுல ஒங்களுக்குக் கண்ணு தெரியாதா?" மெதுவாகத்தான் கேட்டேன். அதற்குள் அழுகை முந்திக்கொண்டது.

"கொஞ்சம் கம்மிதான். டாக்டர்ட்ட காட்டிட்டுதான் இருக்கேன். கூடவும் செய்யாது, கொறையவும் செய்யாதுன்னுட்டாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லிருந்தா இப்பிடித்தான் வேண்டாம்னுருப்ப. பொறவு மலையப் பத்தி வாயே தொறக்க மாட்ட. நீ ஆசப்படுததே நின்னு போயிருக்கும்."

அவர் சொன்னது அத்தனையும் சரி. சற்றுமுன் அதைத்தான் செய்திருந்தேன். கோபப்படலாம் என்று பார்த்தேன், வரவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒல்லி டார்ச்சை அண்ணாச்சியிடம் திருப்பிக் கொடுத்தேன். "அந்தக் குண்டுல ரெண்டு குடுங்க. ஒண்ண நான் பின்பக்கமாப் பிடிச்சிட்டு இவருக்கு முன்னால நடக்கேன்."

"அவ்வளவு கஷ்டப்பட்டு எனக்கு என்னத்தக் காட்டப் போற?" என்றார் இவர்.

"சூரியனத்தான்."

"மேல போய்ச் சேந்துட்டா விடிஞ்சிரும்லா, அப்ப எனக்கு எல்லாந் தெரியும். சூரியன நீ பாரு. நான் ஒன் மூஞ்சியப் பாக்கேன்."