தேவிபட்டினத்தில் ஒரு டிரங்க் கால்

கடலுக்குள் நவக்கிரகங்களாக நிற்கும் ஒன்பது கற்களை ஒரு தடவையாவது சுற்றிவர வேண்டும் என்று தை அமாவாசைக்கு முதல் நாள் மதுரையில் ரயிலேறினேன். ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் பத்து மைல்; பஸ்ஸுக்கு ஆறணா. அமாவாசையன்று கூட்டம் நெரியும், முதல் நாளே போய்விடுங்கள். நான் தங்கியது கல்லூரித் தோழர் காதர் வீட்டில்.

காலையில் கடலாடிவிட்டுத் திரும்பினால் வீடு கலங்கிக் கிடந்தது. காதரின் மகன் கொழும்பில் வியாபாரம். அவன் மனைவி உள்ளே வயிற்று வலியில் துடித்தாள். நானோ சர்க்கார் ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவன்.

"நான் பார்க்கட்டுமா?" என்றேன்.

"ஏலே, நீ கடலாட வந்தவன். மொதல்ல தலையத் துவட்டு. எங்க மதுரை டாக்டரு போன்லயே சொல்லிருவாரு" என்று காதர் மதுரைக்கு டிரங்க் கால் போடத் தபாலாபீஸுக்குப் போனார்.

அஜீரணம், சோடா உப்பு கொடுங்கள் என்று பதில் வந்ததாம். பார்க்காமலே அவ்வளவு நிச்சயம்! அந்த மதுரை இளம் டாக்டர்மேல் வந்த பொறாமையில் எனக்குப் பலகாரம் இறங்கவில்லை. நான் பார்த்தால்கூட இரண்டு தடவை யோசிப்பேன்.

உச்சி வேளையில் காதரின் மனைவி கதவு மறைவிலிருந்து கூப்பிட்டார். "அண்ணே, எந்திரிச்சா மயங்கி விழுறா. தோள்பட்டை வேற குத்துதுங்குறா."

"நாள் தள்ளிப் போயிருக்கா?"

"ரெண்டு மாசமா. அதை அவ மாமனாருகிட்டச் சொல்ல முடியுமாண்ணே? சொன்னாலும், ஊரே கேக்க அவுக போன்ல கத்துவாகளா?"

நாடி பிடித்தேன், நூலாக ஓடியது. கரு, கர்ப்பப்பைக்கு வெளியே தங்கி வெடித்திருக்கலாம். "இருக்கலாம்" என்பதற்கு மேல் எனக்குத் துணிவு வரவில்லை. தபாலாபீஸுக்கு ஓடி அதே டாக்டரைக் கூப்பிட்டேன். நான் முடிப்பதற்குள், "உள்ளே ரத்தம் போகுது சார், உடனே ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கிளப்புங்க" என்றான். காதர் கார் பிடித்தார். அன்று மாலையே அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்தாள்.

டெலிபோன் இல்லாவிட்டால் நான் இன்னும் யோசித்துக்கொண்டே நின்றிருப்பேன். அதை மறுக்கவில்லை. ஆனால் அதில் நாடி பிடிக்க முடியாது. வந்த இடத்தில் வீட்டுப் பெண்களுக்கு உடம்புக்கு வந்தால், கூட இருந்து பார்த்த பெண்ணையே டாக்டரிடம் பேச விடுங்கள். தபாலாபீஸில் ஆள் குறைந்த நேரமாகப் போங்கள்.

கிளம்பும்போது காதர் பெரிய சீலாக் கருவாட்டுக் கட்டு ஒன்றைக் கொடுத்தார். "இதை மதுரையில டாக்டர் வீட்டுல குடுத்துரு. போன்லயே உசுரக் காப்பாத்துன மனுசன்!"

ரயிலில் அது என் மடியிலேயே நாறிக்கொண்டு வந்தது. எனக்கும் ஒரு பங்கு தனியாகக் கட்டி வைத்திருப்பாரோ என்று பரமக்குடி தாண்டியதும் அவிழ்த்துப் பார்த்தேன். ஒரே கட்டுதான்.