சாய்ந்த விமானம்

திருச்சியில் இறங்குவதற்காக விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியது. உடம்பு இருக்கையில் கனத்து அழுந்தியது. 1950களில், அன்னவாசல் வீட்டு முற்றத்தில், என் பத்து வயதுக் கையில் மோர்த் தூக்குவாளி இப்படித்தான் கனத்தது.

அப்பாவுக்குக் கோணல் ஆகாது. சுவரில் காலண்டர் நூலளவு சாய்ந்திருந்தாலும் நிமிர்த்திவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அந்தச் சுவரிலேயே அடுப்புக்கரியால் ஒரு விமானம் வரைந்தேன். ஊருக்கு மேலே திரும்பும்போது நான் பார்த்தபடியே, ஒரு இறக்கையைத் தாழ்த்தி வரைந்தேன்.

"அழிச்சிட்டு நேரா வரைடி. சாஞ்சா உள்ள இருக்கவன்லாம் விழுந்துருவான்."

"சாயாமத் திரும்பாதுப்பா."

"அழிச்சாத்தான் சோறு."

நான் தூக்குவாளியின் மூடியைக் கழற்றி, கையை நீட்டித் தட்டாமாலை சுற்றினேன். வாளி சாய்ந்து பறந்தது. சுற்றச் சுற்றக் கனத்தது. ஒரு சொட்டு மோர் சிந்தவில்லை.

"நிறுத்துடி!"

சொன்னபடியே சட்டென்று நிறுத்தினேன். மோர் முழுக்க அவர் வேட்டியில்.

அன்று எனக்குச் சோறு இல்லை. நானும் அழிக்கவில்லை. பொங்கலுக்குச் சுவரை வெள்ளையடித்தார்கள். மறுநாளே இன்னும் கொஞ்சம் சாய்த்து வரைந்துவைத்தேன்.

பக்கத்து இருக்கைக்காரர் கைப்பிடியை இறுகப் பற்றினார். "என்னங்க, இப்படிச் சாயுது?"

"சாயாமத் திரும்பாதுங்க" என்றேன், அப்பாவுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே.