நாக்கை நனைக்கும் அளவு

மூன்றாவது முறையாக நீர்க்கடுப்பு வந்தபோது கே.கே. நகர் டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். "கிருமிக்கு முடி மாதிரி சன்னமா கை இருக்குங்க. அதை வச்சு சிறுநீர்ப்பைச் சுவரைப் பிடிச்சுக்கும். நிறைய தண்ணி குடிச்சு அடிக்கடி போனீங்கன்னா அடிச்சுட்டுப் போயிடும். அடக்காதீங்க."

தலையாட்டினேன். நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் பெண்களுக்குக் கழிப்பறை மொட்டைமாடியில் ஒன்றுதான். சூப்பர்வைசரிடம் கேட்டுத்தான் போகவேண்டும். எத்தனையாவது தடவை என்று சேலை பார்க்க வந்தவர்கள் முன்னாலேயே கேட்பார். அதனால் லால்குடியில் பஸ் ஏறியதிலிருந்து வீடு திரும்பும்வரை நான் நாக்கை நனைப்பதோடு சரி, கடையில் மற்ற பெண்களும் அப்படித்தான்.

மறுநாள் புதிதாகச் சேர்ந்த பெண் பெரிய தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். அவள் மூடியைத் திறந்ததும் என் கை போய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"ஒரு மடக்கு போதும்மா," என்றேன்.